அழற்சியால் வந்த கிளாக்கோமா: சொட்டு மருந்தோடு ஓட்டலாமா, டிராபெகுலெக்டமியா, டியூப்பா?

"ஒரு டாக்டர் ஓட்டை போடணும்ங்கிறார், இன்னொருத்தர் டியூப் வைக்கணும்ங்கிறார். நான் யார் பேச்சைக் கேக்கறது மேடம்?"

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர் கேட்டது. வயது முப்பத்தாறு. வலது கண்ணில் நான்கு வருடமாக யூவியைட்டிஸ், அதாவது கண்ணுக்குள் வரும் அழற்சி, வந்து வந்து போகிறது. அன்றைக்குக் கண் பிரஷர் 34. மஞ்சப்பையில் மூன்று சொட்டு மருந்து பாட்டில்கள், பிரஷரை இறக்கும் டயமாக்ஸ் மாத்திரையின் பாதி தீர்ந்த அட்டை, இரண்டு ஆஸ்பத்திரிச் சீட்டுகள். மருத்துவர் அறையிலிருந்து "ஆபரேஷன்" என்ற சொல்லோடு வெளியே வருகிறவர்கள் முதலில் வந்து உட்காருவது ஆலோசகராகிய என் எதிரில்தான். பதினான்கு வருடத்தில் இந்தக் கேள்வியை எத்தனையோ குரலில் கேட்டிருக்கிறேன்.

ஓட்டை போடுவது என்பது டிராபெகுலெக்டமி, டியூப் வைப்பது வேறொரு ஆபரேஷன். இரண்டு மருத்துவர்களுமே தப்பாகச் சொல்லவில்லை. கண் பிரஷரால் பார்வை நரம்பு கெடுவதுதான் கிளாக்கோமா. வயதானால் வரும் சாதாரண கிளாக்கோமாவுக்கு ஓரளவு பழகிய பாதை உண்டு. அழற்சிக் கண்ணுக்கு அப்படி ஒரே பாதை கிடையாது. எந்த ஆபரேஷன் என்பது இங்கே இரண்டாவது கேள்விதான்.

## பிரஷர் ஏன் ஏறியது?

கண்ணின் முன்னறையில் ஒரு தெளிந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கும். ஊறுகிற அளவுக்கு, ஓரத்தில் உள்ள சல்லடை வழியாக வடிந்துகொண்டும் இருக்கும். கண்ணீர் வேறு, இது வேறு. வடிகால் அடைத்தால் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு சிறிது சிறிதாகச் சாகும். 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இயல்பு. யூவியைட்டிஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்தத் தொல்லை வரக்கூடும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

அடைப்புக்குக் காரணம் பல. அழற்சி அணுக்களும் புரதமும் சல்லடையை அடைத்திருந்தால், அழற்சியை அடக்கினாலே பிரஷர் இறங்கிவிடும். அதை அடக்கப் போட்ட ஸ்டீராய்டே ஏற்றியிருக்கலாம். பொதுவாகவே மூன்றில் ஒருவருக்கு ஸ்டீராய்டு சொட்டில் பிரஷர் ஓரளவு ஏறும், நூற்றில் ஐந்து பேருக்குக் கடுமையாக ஏறும். ஐரிஸ் என்கிற நிறத்திரை சல்லடை மேலேயே ஒட்டிக்கொண்டால் எந்தச் சொட்டாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. கண்மணி முழுக்க லென்ஸோடு ஒட்டி நீர் பின்னால் தேங்கிவிட்டாலோ, முதலில் வேண்டியது ஐரிஸில் ஒரு துளை. லேசரில் போட்ட துளை அழற்சிக் கண்ணில் மறுபடி மூடிக்கொள்வது உண்டு என்பதால் சில நேரம் கத்தியாலேயே போடுவார்கள்.

இன்னொரு வகையை அடிக்கடி தவறவிடுகிறோம். போஸ்னர், ஷ்லாஸ்மன் என்ற இருவர் 1948-இல் விவரித்த நோய் அது. கண்ணில் சிவப்பு அதிகமிருக்காது, வலி அதிகமிருக்காது, பிரஷர் மட்டும் 40, 50 என்று ஏறி நிற்கும். சிலரிடம் இதற்குப் பின்னால் சைட்டோமெகலோ வைரஸ் இருப்பது பின்னால் தெரியவந்தது. அவர்களுக்கு வேண்டியது வைரஸ் மருந்து. வெறும் ஸ்டீராய்டை ஊற்றிக்கொண்டே போனால் வருடங்கள்தான் வீணாகும்.

பல குடும்பங்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. அழற்சி உக்கிரமாக இருக்கும்போது நீரைச் சுரக்கும் உறுப்பே சோர்ந்துவிடும். பிரஷர் 8 காட்டும். மருந்து வேலை செய்து அழற்சி அடங்கியதும் சுரப்பு பழைய நிலைக்குத் திரும்பும், வடிகால் மட்டும் கெட்டபடியே இருக்கும், பிரஷர் 30-க்குத் தாவும். "மருந்து போட்டதும் ஏறிடுச்சு" என்று தாங்களாகவே ஸ்டீராய்டை நிறுத்திவிடுவார்கள். அழற்சி திரும்பி வரும்போது கூடவே புதிய ஒட்டல்களையும் கொண்டுவரும்.

## எதை வைத்து எடை போடுவது?

எவ்வளவு இறங்க வேண்டும், எவ்வளவு அவசரம் என்பது முதல் அளவுகோல். நரம்பு நன்றாக இருக்கிறவருக்கு 24 ஒரு பிரச்சினை. நரம்பில் பாதி போனவருக்கு 18 கூடப் பிரச்சினை.

அழற்சி அடங்கி எத்தனை நாள் ஆகிறது என்பது இரண்டாவது. அவசரமில்லாத ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று மாதம் கண் அமைதியாக இருக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் கைக்கொள்ளும் பொது விதி. பிரஷர் காத்திருக்க விடாது என்றால் விதியை மீற வேண்டிவரும், ஸ்டீராய்டின் பாதுகாப்போடு.

அடுத்தது, ஐந்து வருடம் கழித்து என்ன ஆகும். இதைத்தான் யாரும் கேட்பதில்லை. நான்காவது, ஆபரேஷனுக்குப் பின் எத்தனை முறை வந்துபோக முடியும். ஐந்தாவது பணம். பில்லை மட்டும் பார்க்காதீர்கள். ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்துபோகும் பஸ் செலவும், போன கூலியும், கூட வருகிறவரின் கூலியும் பில்லில் இருக்காது.

ஆய்வுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இணையத்தில் தேடினால் "டியூப்பே மேல்" என்று காட்டப்படும் புகழ்பெற்ற ஒப்பீடு ஒன்று கிடைக்கும்: 212 கண்கள், ஐந்து வருட முடிவில் தோல்வி டியூப்பில் 29.8%, டிராபெகுலெக்டமியில் 46.9%. எண் சரிதான். ஆனால் நாள்பட்ட, திரும்பத் திரும்ப வரும் யூவியைட்டிஸ் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அந்த எண்ணை அப்படியே நம் கண்ணுக்குப் பொருத்த முடியாது.

## வழி 1: சொட்டு மருந்தும் மாத்திரையும்

அழற்சி சமீபத்தில்தான் அடங்கியிருக்கிறது, வடிகால் மூலை திறந்தே இருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது என்றால் இதுதான் சரியான வழி. அவசரப்பட்டு மேஜையில் ஏறாதீர்கள். பல பேருக்கு ஸ்டீராய்டைக் குறைத்ததும் பிரஷரும் இறங்கிவிடும்.

ஆனால் எல்லாச் சொட்டும் இந்தக் கண்ணுக்கு ஆகாது. டிமோலால் பொதுவாக முதலில் வரும்; ஆஸ்துமா இருந்தால் கூடாது. பைலோகார்பின் கண்மணியைச் சுருக்கி ஒட்டலை வளர்க்கும், அழற்சிக் கண்ணில் தவிர்ப்பார்கள். லட்டனோபிராஸ்ட் வகை அழற்சியைக் கிளறுமோ என்ற பயம் பயந்த அளவுக்கு உண்மையில்லை என்றாலும், ஹெர்பிஸ் வைரஸ் வந்த கண்ணிலும் விழித்திரை நடுவில் வீக்கம் உள்ள கண்ணிலும் யோசித்தே கொடுப்பார்கள். பிரிமோனிடினோ, வருடக்கணக்கில் போடுகிற சிலருக்குத் தானே யூவியைட்டிஸைக் கொண்டுவந்துவிடும். நோய் திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்போம். குற்றவாளி பாட்டிலுக்குள் இருப்பான்.

டயமாக்ஸ் வேகமாக இறக்கும். விரல் நுனியும் உதடும் மரமரக்கும், பொட்டாசியம் குறையும், சிறுநீரகக் கல் வரலாம், சோடா குடித்தால் ருசியே மாறியிருக்கும். ஆபரேஷன் வரை தாங்கிப் பிடிக்க அது ஒரு ஊன்றுகோல். வருடக்கணக்கில் அதிலேயே ஓட்டுவதைப் பார்த்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

இந்த வழிக்கு ஒரு மறைமுகச் செலவு உண்டு. மூன்று நான்கு பாட்டில்களில் உள்ள பதனப்பொருள் தினமும் வெண்விழியின் மேல்தோலில் பட்டுப்பட்டு அதைக் கெடுக்கிறது. பின்னாளில் டிராபெகுலெக்டமிக்கு அதே தோல்தான் வேண்டும். கெட்ட தோல் சீக்கிரம் தழும்பாகும்.

## வழி 2: டிராபெகுலெக்டமி

1968-இல் கெய்ர்ன்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்த ஆபரேஷன். வெண்விழியில் ஒரு சிறு கதவு வெட்டி, நீர் வெளியே வந்து மேல்தோலுக்கு அடியில் கொப்புளம்போல் தேங்கி வடிய விடுவது. அந்தக் கொப்புளத்துக்கு பிளெப் என்று பெயர். மேல் இமையைத் தூக்கிப் பார்த்தால் வெளிறிய சிறு மேடாகத் தெரியும்.

நன்றாக அமைந்தால் இதைப்போல் இறக்குகிற ஆபரேஷன் வேறில்லை. சொட்டே இல்லாமல் 10, 12-இல் வருடக்கணக்கில் நிற்கிறவர்கள் உண்டு. நரம்பு மிகவும் தேய்ந்து, ஒற்றை இலக்கத்துக்குப் பக்கத்தில் பிரஷர் வேண்டும் என்கிறவர்களுக்கு மருத்துவர்கள் இன்னும் இதைத்தான் நினைப்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், உடம்பு அந்தக் கதவைக் காயமென்று நினைத்து மூடப் பார்க்கும். எல்லோருக்கும் அப்படித்தான், அழற்சிக் கண்ணுக்கு மூடும் வேகம் அதிகம். புற்றுநோய் மருந்தான மைட்டோமைசினை இரண்டு மூன்று நிமிடம் வைத்து எடுப்பது அதற்குத்தான். அப்படியும், ஆறு மாதம் கழித்து ஒரே ஒரு தடவை அழற்சி கிளம்பினால் போதும், வேலை செய்துகொண்டிருந்த பிளெப் தட்டையாகிவிடலாம். என் மேஜைக்குத் திரும்பி வருகிறவர்களில் "அப்ப நல்லாத்தான் இருந்துச்சு, இடையில ஒரு தடவை சிவந்துச்சு" என்று தொடங்காதவர்கள் குறைவு.

மறைமுகச் செலவு முதல் மாதத்தில். தையலை லேசரால் தளர்த்த வேண்டும், மசாஜ் செய்ய வேண்டும், சில நேரம் கண்ணில் ஊசி போட வேண்டும். முதல் நான்கு வாரத்தில் வாரா வாரம் வர முடியாதவர் இந்த ஆபரேஷனுக்கு ஏற்றவர் இல்லை என்று நான் வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன். கண்புரை சீக்கிரம் வளரும். ஆயுள் முழுக்க ஒரு கவலையும் உண்டு: மெல்லிய பிளெப் கசிந்தால் கிருமி நேராக உள்ளே போகும். கண் சிவந்து பீளை தள்ளினால் மெடிக்கலில் சொட்டு வாங்கி ஒரு நாள் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. கிணற்றிலும் கண்மாயிலும் குதித்துக் குளிப்பதையும் விட வேண்டியதுதான்.

## வழி 3: வால்வ் உள்ள டியூப், வால்வ் இல்லாத டியூப்

முன்னறைக்குள் தலைமுடிக் கற்றை அளவு மெல்லிய சிலிக்கான் குழாய். அதன் மறுமுனை கண்ணின் பின்புறம், தசைகளுக்கு அருகே தைத்து வைத்த தகட்டில். நீர் அங்கே வடியும். தழும்பு வரத்தான் செய்யும், ஆனால் தகட்டைச் சுற்றித்தான் வரும். குழாயின் வாய் திறந்தே இருக்கும். அழற்சி திரும்பத் திரும்ப வரும் கண்ணில் இதுதான் பெரிய வித்தியாசம்.

அகமது வால்வ் 1993-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பரவலாகப் பயன்படும் வகையின் தகடு 184 சதுர மி.மீ. பிரஷர் ஏறக்குறைய 8 முதல் 12-க்கு மேல் போனால் திறக்கும்படி உள்ளே வால்வ் உண்டு. அன்றைக்கே இறங்கும், அதலபாதாளத்துக்குப் போகாது. 45-இல் வந்து நிற்கிற கண்ணுக்கு இது வரப்பிரசாதம். குறை என்னவென்றால், முதல் சில மாதங்களில் தகட்டைச் சுற்றி உறை தடித்து பிரஷர் மறுபடி ஏறும் ஒரு கட்டம் பலருக்கு வரும்; பழைய சொட்டுகள் பைக்குள் திரும்பி வரும். யூவியைட்டிஸ் கண்களில் மட்டும் வைத்துப் பார்த்து 2007-இல் வெளியான ஒரு ஆய்வில், முதல் வருடம் 77 சதவீதமாக இருந்த வெற்றி நான்காவது வருடம் 50 சதவீதம் ஆகியிருந்தது. "வால்வ் வச்சாச்சு, இனி கவலையில்லை" என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள்.

வால்வ் இல்லாத வகை நம் பக்கத்துச் சரக்கு. மதுரை ஆரோலேப் 2013 முதல் தயாரிக்கிறது. 350 சதுர மி.மீ. தகடு, வெளிநாட்டு பேர்வெல்ட் கருவியின் வடிவம். மருத்துவர்கள் சுருக்கமாக 'ஆடி' என்பார்கள். விலை அகமது வால்வைவிடப் பல மடங்கு குறைவு. தகடு பெரிது என்பதால் நாளடைவில் அதிகம் இறக்கும். அகமதுவையும் பேர்வெல்ட்டையும் ஒப்பிட்ட 276 பேர் ஆய்வில், ஐந்து வருட முடிவில் அகமது கண்கள் சராசரி 14.7-இலும் பேர்வெல்ட் கண்கள் 12.7-இலும் நின்றன. இந்த ஆய்வில் யூவியைட்டிஸ் நோயாளிகளும் இருந்தார்கள், கொஞ்சம் பேர்தான் என்றாலும்.

ஆனால் வால்வ் இல்லாததால் உடனே திறந்துவிட முடியாது. கரையும் நூலால் குழாயைக் கட்டி விடுவார்கள். ஐந்து ஆறு வாரத்தில் நூல் கரைந்து குழாய் திறக்கும். அதுவரை சொட்டும் மாத்திரையும்தான் கதி. திறக்கும் நாள் சிலருக்குத் திடீரென்று வரும்: காலையில் எழுந்தால் கண் மங்கல், பிரஷர் 3. நீர் சுரப்பே பலவீனமான அழற்சிக் கண்ணில் இந்தச் சரிவு ஆபத்தானது. மேலே சொன்ன ஆய்விலும் இதே கதைதான். அகமது தோற்றது பெரும்பாலும் பிரஷர் ஏறியதால், பேர்வெல்ட் தோற்றதில் மிகவும் இறங்கியது போன்ற சிக்கல்களின் பங்கு அதிகம். சுரப்பு ஏற்கெனவே குறைந்த கண்ணென்று தெரிந்தால் ஆடியைவிட வால்வே எனக்குப் பாதுகாப்பாகப் படுகிறது.

இரண்டு வகைக்கும் பொதுவான செலவுகள்: குழாய், கண்ணின் முன்புறக் கண்ணாடிப் படலமான கார்னியாவை ஒட்டியிருந்தால் அதன் உள் அணுக்கள் வருடா வருடம் குறையும், பெரிய தகட்டால் சிலருக்கு இரட்டையாகத் தெரியும், மேல்தோல் தேய்ந்து குழாய் வெளியே தெரிந்தால் அது அவசரம். குழாய்க்கு மேல் போர்வையாகப் பெரும்பாலும் தானமாக வந்த கண்ணின் துண்டைத்தான் வைப்பார்கள். இதைச் சொன்னதும் ஒட்டன்சத்திரக்காரர் தன் கண்ணை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

## வழி 4: சுரப்பைச் சுடும் லேசர்

நீர் சுரக்கும் உறுப்பின் ஒரு பகுதியை டயோடு லேசரால் செயலிழக்கச் செய்வது. கத்தி இல்லை, செலவு குறைவு, சீக்கிரம் முடியும். அதனாலேயே சிலர் இதை முதலில் கேட்கிறார்கள். அழற்சியில் அடிபட்ட உறுப்பை மேலும் சுட்டால், பிரஷர் பூஜ்யத்தை நோக்கிப் போய்க் கண் சுருங்கிவிடக்கூடும். பார்வை பெரும்பாலும் போய், வலி மட்டும் மிஞ்சிய கண்ணுக்கு நல்ல வழி. பார்வை நன்றாக உள்ள கண்ணில் கடைசி இடம்தான்.

## ஒரே பார்வையில்

| | சொட்டு, மாத்திரை | டிராபெகுலெக்டமி | அகமது வால்வ் | ஆடி |
|---|---|---|---|---|
| எப்போது இறங்கும் | சில மணி முதல் சில நாள் | உடனே | உடனே | 5–6 வாரம் கழித்து |
| எவ்வளவு இறங்கும் | ஓரளவு | மிக அதிகம் | நடுத்தரம் | அதிகம் |
| மறுபடி அழற்சி வந்தால் | மருந்தை மாற்றலாம் | பிளெப் மூடிவிடலாம் | பெரும்பாலும் தாங்கும் | பெரும்பாலும் தாங்கும் |
| பிறகு சொட்டு தேவையா | எப்போதும் | பலருக்கு வேண்டாம் | பெரும்பாலோருக்கு வேண்டும் | சிலருக்கு வேண்டும் |
| முதல் மாத வருகை | குறைவு | மிக அதிகம் | நடுத்தரம் | நடுத்தரம். ஆறாம் வாரம் கட்டாயம் |
| பெரிய பயம் | நரம்பு மெல்லத் தேய்வது | பிளெப்பில் கிருமி | உறை தடித்து மீண்டும் ஏறுவது | திறக்கும்போது சரிவது |

சிறு பிள்ளைகளுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. சிறுவயது மூட்டுவாதத்தோடு வரும் யூவியைட்டிஸில் கண் வெள்ளையாகவே இருக்கும், பிள்ளை வலியென்று சொல்லாது. அவர்களுக்கு வடிகால் சல்லடையையே உள்ளிருந்து கீறிவிடும் கோனியாடமியை முதலில் யோசிப்பார்கள். அது குழந்தைக் கண் கிளாக்கோமா பார்க்கிறவரிடம் கேட்க வேண்டியது.

## ஐந்து வருடத்தைத் தீர்மானிப்பது

எந்த ஆபரேஷன் என்பதைவிட அழற்சி எத்தனை முறை திரும்புகிறது என்பதுதான். ஆகவே ஆபரேஷன் பற்றிய பேச்சில் யூவியைட்டிஸ் பார்க்கும் மருத்துவரும் இருக்க வேண்டும். வருடத்துக்கு மூன்று நான்கு முறை சிவக்கிற கண்ணுக்கு ஸ்டீராய்டு சொட்டை மட்டும் நம்பியிருப்பது, ஓட்டைப் படகில் நீரை இறைத்துக்கொண்டே இருப்பது மாதிரி.

கண்ணுக்குள் ஸ்டீராய்டு கருவி வைப்பதா, உடம்பு முழுக்க மருந்தா என்று 255 பேரை வைத்து அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் ஒப்பிட்டார்கள். இரண்டே வருடத்தில் கருவி வைத்த கண்களில் நான்கில் ஒன்றுக்கு பிரஷர் ஆபரேஷன் தேவைப்பட்டது. மருந்துப் பக்கம் நூற்றில் நான்கு. ஏழு வருடம் கழித்து மருந்துப் பக்கத்தினரே கண் அட்டவணையில் சராசரியாக ஏழு எழுத்து கூடுதலாகப் படித்தார்கள்.

மாத்திரை என்றாலே விலையை நினைத்துப் பயப்பட வேண்டாம். அழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டை, விலை கூடிய மைக்கோபீனோலேட்டோடு 216 பேரிடம் ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்வில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பங்கு பெரிது. மெத்தோட்ரெக்ஸேட் எந்த வகையிலும் குறைந்து போகவில்லை. ஆனால் அது வாரம் ஒரு நாள் மாத்திரை. தினமும் போட்டுவிட்டு உயிருக்கே ஆபத்தாகிப் போனவர்கள் உண்டு. நான் சீட்டில் கிழமையைச் சிவப்புப் பேனாவில் எழுதி, அவர்களையே திருப்பிப் படிக்கச் சொல்வேன். கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் தவறாமல் பரிசோதனை வேண்டும், கர்ப்பம் தரிக்கும் திட்டமிருந்தால் கூடாது. அழற்சியை அடக்கும் இன்னொரு மருந்தான அடாலிமுமாப் ஊசி என்றால் முதலில் காசநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். நம் ஊரில் காசநோயே யூவியைட்டிஸுக்குக் காரணமாக இருக்கக்கூடும் என்பதால் இந்தப் பரிசோதனை வெறும் சடங்கில்லை.

ஸ்கேன் பற்றியும் ஒரு வார்த்தை. நரம்பிழைத் தடிமனை அளக்கும் ஓ.சி.டி., அழற்சி நேரத்தில் வீக்கத்தால் தடிப்பாகவே காட்டும். "நரம்பு நார்மல்" என்று வந்த தாளை நம்பி இரண்டு வருடம் சும்மா இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கண் அமைதியான பிறகு எடுத்த ஸ்கேனும், பார்வைப்புலப் பரிசோதனையும் கையில் வைத்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

மூட்டை தூக்குகிறவர் விஷயத்துக்கு வருகிறேன். கண் அமைதியாகி ஐந்து வாரம்தான் ஆகிறது. வடிகால் மூலையில் முக்கால் பங்கு ஒட்டல்; ஆகவே சொட்டோடு ஓட்டும் வழி அடைபட்டுவிட்டது. நான்கு வருடத்தில் ஒன்பது தடவை அழற்சி. டிராபெகுலெக்டமி நிலைக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. டயமாக்ஸில் 34 இப்போது 23 வரை வந்திருக்கிறது, நீர் சுரப்பும் நன்றாகவே இருக்கிறது. ஆகவே ஆறு வாரம் தாக்குப்பிடிக்க முடியும், ஆடி பொருந்தும் என்று எங்கள் மருத்துவரும் சொன்னார். முதலில் மெத்தோட்ரெக்ஸேட், இரண்டு மாதம் கழித்துத் தேதி.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "மூட்டை எப்போ தூக்கலாம்?" ஆறாம் வாரம் குழாய் திறந்து, பிரஷர் நிலைத்து, மருத்துவர் சரியென்று சொல்கிற வரை தூக்கக் கூடாது என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்ப தை சீசன் போச்சு" என்று சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.